அம்மாவின் செட்டாப் பாக்ஸ் ஏன் கொதித்தது

"எய்யா, பொட்டி தோசக்கல்லு கணக்கா கொதிக்குதுய்யா. கைய வைக்க முடியல."

2024 மே மாதம், கத்திரி வெயில் நேரம். தூத்துக்குடியிலிருந்து அம்மா போனில் சொன்னார். டிவியில் படம் உறைந்து நின்றுவிடுகிறதாம். சுவிட்சை அணைத்து அரை மணி நேரம் விட்டால் மறுபடி வருகிறதாம். டேபிள் ஃபேனை டிவிக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்பா போனதிலிருந்து அந்த வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பேசும் குரல் டிவியுடையது மட்டும்தான். "புதுசு ஒண்ணு வாங்கிக்கலாம்மா" என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. வியாழக்கிழமை ராத்திரி ரயில் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக டிவி ஷோகேஸுக்குத்தான் போனேன். அப்பா ஆசாரியிடம் சொல்லிச் செய்த தேக்கு ஷோகேஸ். நடுத் தட்டில் டிவி. அதற்குக் கீழே, கண்ணாடிக் கதவு போட்ட அடித் தட்டில் செட்டாப் பாக்ஸ். பாக்ஸின் மேல் அம்மா கையால் பின்னிய வெள்ளை நூல் விரிப்பு, அதன் மேல் வேளாங்கண்ணி போனபோது வாங்கிய சிப்பி பொம்மை. பாக்ஸுக்கு அடியில் இருந்திருக்க வேண்டிய நான்கு ரப்பர் கால்களில் இரண்டு எப்போதோ கழன்று போயிருந்தன. பெட்டி தட்டோடு தட்டாக ஒட்டிப் படுத்திருந்தது.

இந்தப் பெட்டிகளுக்குள் விசிறி கிடையாது. ஓடுகிற வேளையில் சுமாராக ஏழு, எட்டு வாட் மின்சாரத்தைத் தின்னும். தின்ற மின்சாரத்தில் ஏறத்தாழ அவ்வளவும் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். அதற்கு இருக்கும் முக்கிய வழி காற்று. அடிப்பக்கத் துளைகள் வழியாகக் காற்று உள்ளே புகுந்து, சூடேறி, மேல்பக்கத் துளைகள் வழியாக எழுந்து போக வேண்டும். வீட்டுப் புகைக்கூண்டு வேலை செய்கிற அதே விதம். எங்கள் வீட்டில் அடித் துளைகளைத் தட்டுப் பலகையும், மேல் துளைகளை விரிப்பும், எஞ்சிய வழியைக் கண்ணாடிக் கதவும் அடைத்திருந்தன. அறையே 36 டிகிரியில் இருக்கும்போது அந்தத் தட்டுக்குள் என்ன இருக்கும்?

விரிப்பையும் பொம்மையையும் எடுத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் விரிப்பை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

செட்டாப் பாக்ஸ் சூடாவது இயல்புதான். தொட்டால் வெதுவெதுப்பாக, குடிக்கிற பதத்துக்கு ஆறிய பால் டம்ளர் மாதிரி இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. உள்ளங்கையைப் பதித்து வைத்திருக்க முடியாமல் தானாகக் கை விலகினால் மேல்தகடு 50 டிகிரியைத் தாண்டியிருக்கிறது என்று பொருள். மேலே அவ்வளவு என்றால் உள்ளே சிப்பின் மேல் இன்னும் எவ்வளவோ. அன்று என் கை விலகியது. ஆனால் பெட்டி முழுக்க ஒரே சூடு இல்லை. பின்பக்கத்தில் டிஷ் கேபிள் செருகுகிற மூலைதான் அதிகம் சுட்டது. இதைக் கவனித்தேன். கவனித்ததன் பொருளை அப்போது யோசிக்கவில்லை.

எங்கள் பெட்டிக்குத் தனி அடாப்டர், 12 வோல்ட், 1.5 ஆம்பியர். அதனால் உள்ளே திறப்பதில் ஆபத்து குறைவு. சில பெட்டிகளில் 230 வோல்ட் நேராக உள்ளே போகும். அந்த வகையில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயிருக்கும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் அதைத் திறக்கவே வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன், வாரன்ட்டியும் என்றோ முடிந்த பெட்டி, என்பதால் திருப்புளியை எடுத்தேன்.

உள்ளே பஞ்சு மாதிரி தூசி. சிப்பின் மேலிருந்த, அதன் சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் துண்டான ஹீட் சிங்கின் பற்களுக்கு நடுவே தூசி பாய் போலப் படிந்திருந்தது. ஒரு மூலையில் பல்லி முட்டை ஓடுகள். சூடான இடம் என்றால் பல்லிக்கும் எறும்புக்கும் பிடிக்கும். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் கூட்டி எடுத்தேன். கேபிள் மூலைக்குப் பக்கத்தில் ஒரு கப்பாசிட்டரின் தலை மற்றவை போலத் தட்டையாக இல்லாமல் லேசாக உப்பியிருந்தது போலத் தோன்றியது. அது என் பார்வையோ என்று விட்டுவிட்டேன். பெட்டியை மூடி, நான்கு மூலையிலும் சோடா பாட்டில் மூடிகளைக் கொடுத்து உயர்த்தி, ஷோகேஸின் மேல்பலகைக்கு மாற்றி வைத்தேன்.

அன்று ராத்திரி பத்து மணி வரை படம் நிற்கவில்லை. அம்மா ரிமோட்டால் அணைத்துவிட்டுப் படுத்தார்.

விடியற்காலை நாலரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவன் போகிற போக்கில் பெட்டியைத் தொட்டேன். சூடு. ஆறு மணி நேரத்துக்கு மேலாக "அணைந்து" கிடக்கும் பெட்டி, டிவி ஓடும்போது இருந்த அதே சூட்டில் இருந்தது.

ரிமோட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இந்த மாதிரிப் பெட்டிகள் பலவற்றில் நிற்பது படமும் ஒலியும் மட்டும்தான். உள்ளே சிக்னலிலிருந்து சேனலைப் பிரித்தெடுக்கும் டியூனர் விழித்திருக்கும். சேனல் பட்டியலையும் சந்தா அனுமதியையும் புதுப்பிக்க அது சிக்னலைக் கேட்டுக்கொண்டே இருக்கும். மொட்டை மாடியில் டிஷ்ஷின் முன் நீட்டிக்கொண்டு, அதில் விழும் சிக்னலைப் பிடித்து அனுப்பும் எல்என்பிக்குக் கேபிள் வழியே மின்சாரமும் போய்க்கொண்டே இருக்கும். பச்சை விளக்கு சிவப்பாக மாறியதைப் பார்த்து நாம் அது தூங்கிவிட்டது என்று நினைக்கிறோம். அம்மாவின் பெட்டி ஐந்து வருஷமாக, மின்தடை நேரங்களைத் தவிர, ஒரு நாளும் தூங்கியதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் படம் மறுபடி நின்றது.

மார்ச் மாதத்திலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் சில நிமிஷங்களில் படம் சிதறுவதுண்டு. ஆனால் இது மே. அதோடு நம் டிடிஎச் செயற்கைக்கோள்கள் எல்லாம் எங்கள் ஊருக்குக் கிழக்கே இருப்பவை, அந்தத் தொந்தரவு உச்சிவேளைக்கு முன்பே வந்து போய்விடும். ஆக அது இல்லை. தூசி இல்லை, காற்று தாராளமாகப் போய்வருகிறது, பெட்டி முன்னைவிடக் குறைவாகவே சுடுகிறது. ஆனாலும் நிற்கிறது. அந்த மூலை மட்டும் இன்னும் கையைச் சுடுகிறது.

அப்போது அம்மா சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"நா அன்னைக்கே சொன்னேன்லய்யா. சீரியல் சேனல்ல மட்டுந்தான் இப்படி. பாட்டு சேனல எவ்வளவு நேரம் வேணாலும் போடு, ஒண்ணுஞ் செய்யாது."

போனில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். சேனல் மாறினால் சூடு எப்படி மாறும் என்று நான் அதைக் காதில் வாங்கவில்லை. தினமும் அந்தப் பெட்டியோடு எட்டு மணி நேரம் இருப்பவர் அவர். அவர் கவனித்ததைவிட என் பாலிடெக்னிக் பாடம் பெரிது என்று நினைத்தது என் தவறு. இத்தனைக்கும் காரணம் அந்தப் பாடத்திலேயே இருக்கிறது.

டிஷ்ஷில் விழும் சிக்னல் இரண்டு வாட்டத்தில் வருகிறது: நிற்கிற அலை, படுக்கிற அலை. ஒரே அலைவரிசையில் இரண்டு மடங்கு சேனல்களை அடைக்க அப்படி ஓர் ஏற்பாடு. எந்த வாட்டத்தைப் பிடிக்க வேண்டும் என்று எல்என்பிக்குப் பெட்டி எப்படிச் சொல்லும்? கேபிளில் அனுப்பும் மின்னழுத்தத்தை மாற்றித்தான். நிற்கிற அலைக்கு 13 வோல்ட், படுக்கிற அலைக்கு 18 வோல்ட். நாம் சேனல் மாற்றும்போதெல்லாம் மாடிக்குப் போகும் வோல்ட் மாறிக்கொண்டிருக்கிறது. 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பெட்டி அந்த 18 வோல்ட்டைத் தானே ஏற்றிக் கொடுக்க வேண்டும். ஏற்றிக் கொடுக்கும் சர்க்யூட் இருப்பது கேபிள் செருகும் மூலையில்.

அம்மாவின் சீரியல் சேனல் 18 வோல்ட். பாட்டு சேனல் 13.

பெட்டியிலிருந்து டிஷ் கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் சும்மா ஓட விட்டேன். திரையில் சிக்னல் இல்லை என்ற எழுத்து மட்டும். மூலை வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். கேபிளைச் செருகி சீரியல் சேனலை வைத்தேன். இருபது நிமிஷத்தில் கை விலகியது. பக்கத்து வீட்டுப் பையனிடமிருந்து மல்டிமீட்டர் வாங்கி அடாப்டர் கம்பியின் நடுவே போட்டுப் பார்த்தேன். கேபிள் இல்லாமல் 0.5 ஆம்பியர். கேபிளோடு பாட்டு சேனலில் 0.8. சீரியல் சேனலில் 1.1. நல்ல நிலையில் இருக்கும் எல்என்பிக்காக இவ்வளவு கூடக் கூடாது. மாடியில் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது.

மாடிக்கு வெயில் தாழ்ந்த பிறகுதான் போக முடிந்தது. எங்கள் ஊரில் டிஷ் கிட்டத்தட்ட அண்ணாந்து வானத்தைப் பார்க்கும், பூமத்திய ரேகைக்கு அவ்வளவு பக்கம். எல்என்பி தலை கவிழ்ந்து டிஷ்ஷைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் பின்புறம் கனெக்டரைச் சுற்றியிருந்த கருப்பு டேப் வெயிலில் இளகி, காய்ந்து, செதில் செதிலாக உரிந்து கிடந்தது. கேபிள் அங்கிருந்து தொய்வே இல்லாமல் விறைப்பாகச் சுவருக்கு இறங்கியது. ஒரு சுற்று வளைத்துத் தொங்க விட்டிருந்தால் மழைத்தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிப் போயிருக்கும்.

கனெக்டரைத் திருகினேன். வரவில்லை. குறடு போட்டதும் பச்சைப் பொடி உதிர்ந்தது. நடுக்கம்பி செம்பு பூசிய இரும்பு. செம்பு பச்சையாகக் கரைந்து, உள்ளிருந்த இரும்பு துருவேறி, குண்டூசி முனை போல இளைத்திருந்தது. கேபிளின் மேலுறைக்குள் சுற்றியிருக்கும் கம்பி வலைக்கும் நடுக்கம்பிக்கும் இடையே பச்சையும் பழுப்புமாக ஒரு படிவம். கேபிளின் இரு முனையும் கழன்று கிடக்கும்போது அந்த இரண்டுக்கும் நடுவே மீட்டர் ஒன்றும் காட்டக் கூடாது. நூறு ஓமுக்கு மேலும் கீழுமாக ஆடியது, அதாவது அந்தப் படிவம் வழியாக மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. மேலுறையைக் கத்தியால் ஒரு சாண் நீளத்துக்குக் கீறினேன். வலைக்கம்பி ஈரமாக இருந்தது. கத்திரி வெயிலில், ஈரமாக.

அந்தத் தண்ணீர் எப்போதையது என்று எனக்குச் சந்தேகமில்லை. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த இரண்டு நாட்கள். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, போன் இல்லை. அம்மா அரிசி டப்பாவையும் அப்பா படத்தையும் தூக்கிக்கொண்டு மாடிவீட்டு அத்தையிடம் போயிருந்தார். நான் சென்னையில் உட்கார்ந்து மணிக்கு முப்பது தடவை அவர் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தேன். வெள்ளம் வடிந்து வீட்டைக் கழுவி, சேறு அள்ளி, மெத்தையை வெளியே போட்டு, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நினைத்தோம். வலைக்கம்பி திரி மாதிரி தண்ணீரை இழுத்து உள்ளே வைத்துக்கொண்டது. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு உண்டு. உப்பு ஈரத்தை விடாது. அதில் 18 வோல்ட்டும் சேர்ந்தால் முலாம் பூசுகிற பட்டறைத் தொட்டியில் நடப்பதுதான் கனெக்டருக்குள்ளும் நடக்கும், நடுக்கம்பி நாளுக்கு நாள் கரையும். டிஷ் கேபிள் ஐந்து மாதமாக அந்த வெள்ளத்தின் ஒரு கை நீரைப் பிடித்து வைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் அண்ணாச்சி கடைக்குப் போனேன். அப்பா காலத்து மெக்கானிக். வால்வு ரேடியோவில் ஆரம்பித்தவர், இப்போது எல்இடி டிவி பேனல் பார்க்கிறார். விவரத்தைச் சொன்னதும் பெட்டியைத் திறக்காமலேயே கேட்டார்.

"பொட்டியக் கொண்டாந்திய சரி. வயர என்ன செஞ்சிய?"

"புதுசு மாத்தணும் அண்ணாச்சி. அறுத்துப் போட்டுட்டேன்."

"அப்ப சரி. வயர மாத்தாம கண்டென்சர மட்டும் மாத்திட்டுப் போனவங்க மூணு மாசத்துல திரும்பி வருவாங்க தம்பி."

வெள்ளத்துக்குப் பிறகு இதே கோளாறோடு வந்த பெட்டிகளை ஒரு மூலையில் அடுக்கி வைத்திருந்தார். எரிந்த பெட்டிக்குப் பதில் புதுப்பெட்டி வாங்கி, அதையும் அதே கேபிளில் மாட்டி, அதுவும் போனவர்கள் உண்டாம். சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது.

நான் சந்தேகப்பட்ட கப்பாசிட்டர்தான். அவர் அதைக் கண்டென்சர் என்றே சொல்வார். 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட். தலை உப்பியிருந்தது என் பார்வைக் கோளாறு இல்லை. உள்ளிருக்கும் திரவம் காயக் காய அது மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கங்களைத் தாங்கும் சக்தியை இழக்கும், தானும் சூடாகும், அந்தச் சூட்டில் இன்னும் காயும். 18 வோல்ட் தள்ளாடும்போது டியூனர் தடுமாறி, படம் உறைகிறது. ஈயத்தைப் பத்த வைத்துப் புதியதை மாட்ட ஐந்து நிமிஷம் ஆகவில்லை. அதே அளவு, மேலே 105 டிகிரி என்று அச்சிட்டது. பொருளுக்குப் பத்து ரூபாயும் வேலைக்கு நூறும் வாங்கிக்கொண்டார்.

அந்த 105 டிகிரி என்ற எழுத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சாதாரண ரகம் ஒன்று 105 டிகிரி சூட்டில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். சூடு ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 65 டிகிரியில் 32,000 மணி நேரம். நாள் முழுக்க அணைக்காமல் ஓடும் பெட்டியில் அது மூன்றரை வருஷத்துக்குச் சற்று அதிகம். தினம் எட்டு மணி நேரம் ஓட்டிவிட்டுச் சுவிட்சோடு அணைத்தால் பத்து வருஷத்தைத் தாண்டும். விரிப்பு போட்டுக் கண்ணாடிக்குள் மூடி, கூடப் பத்து டிகிரி ஏற்றினால் மூன்றரை வருஷம் இரண்டுக்கும் கீழே இறங்கிவிடும். கடைப் பெஞ்சில் உட்கார்ந்து மனசுக்குள் இதைப் போட்டுப் பார்த்தபோது, அம்மாவின் பெட்டி ஐந்து வருஷம் தாக்குப் பிடித்தது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

பெட்டியை மூடிக்கொண்டே அண்ணாச்சி 2010 பற்றிச் சொன்னார். அந்த வருஷம் ஜூலை 7ஆம் தேதி இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்சாரத்தில் கோளாறு வந்து சேனல்களைத் தரைக்கு அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க வேண்டியதானது. தமிழ்நாட்டில் ஏகப்பட்ட வீடுகளில் டிவி இருண்டது. கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியிலிருந்த அந்தச் செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருந்த டிஷ்களை 91.5 டிகிரியிலிருந்த மீசாட்-3 என்ற இன்னொன்றின் பக்கம் திருப்ப மெக்கானிக்குகள் மாடி மாடியாக ஏறினார்கள். "ரெண்டு டிகிரிதான் தம்பி. விரலால லேசா ஒரு தட்டு. அதுக்காக ஒரு நாளைக்கு நாப்பது மாடி ஏறினேன். அப்பப் பாத்தேன், எல்லா மாடியிலயும் கனெக்டர்ல பச்சை. யாருக்கும் மேல ஏறிப் பாக்குற பழக்கம் இல்ல."

வருகிற வழியில் ஆர்ஜி-6 ரக டிஷ் கேபிள் பதினைந்து மீட்டர், முறுக்கி மாட்டும் கனெக்டர் வேண்டாம் என்று சொல்லி அழுத்தி இறுக்கும் ரகத்தில் இரண்டு, ரப்பர் உறை, எம்-சீல் வாங்கிக்கொண்டேன். கனெக்டரை மாட்டி, உறையை ஏற்றி, வாயைச் சுற்றி எம்-சீல் பூசினேன். கேபிளை ஒரு வட்டம் சுற்றித் தொங்கவிட்டுப் பிறகு சுவருக்கு இறக்கினேன். அதிர்ஷ்டவசமாக எல்என்பியின் பக்கம் இருந்த திருகுமரை துடைத்ததும் தேறியது. சீரியல் சேனலை வைத்து மீட்டரைப் பார்த்தேன்: 0.7.

கிளம்புவதற்கு முன் இன்னொரு வேலை இருந்தது. பிளக் பாயின்ட் ஷோகேஸுக்குப் பின்னால், தரையோடு இருந்தது. எழுபத்தொரு வயதில் முழங்கால் வலியோடு தினம் ராத்திரி குனிந்து அணைக்கச் சொல்வது நியாயமில்லை. ரிமோட்டையே அவர் நம்பியதற்குக் காரணமும் அந்தக் குனிதல்தான். ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி வாங்கி, கட்டில் பக்கச் சுவரில் கை எட்டும் உயரத்தில் பொருத்தினேன். படுக்கப் போகும் முன் ஒரே சுவிட்ச். காலையில் பெட்டி முழித்துப் படம் காட்ட இரண்டு நிமிஷம் ஆகும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன்.

"இவ்வளவு நாளும் ராத்திரியெல்லாம் எரிஞ்சிட்டா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடித்து வைத்திருந்த விரிப்பை எடுத்து வந்தார். மேலே போடக் கூடாது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது, ஆனால் அதைப் பீரோவுக்குள் வைக்க மனமில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து பின்னியது அது. ஷோகேஸின் அடித்தட்டு இப்போது காலியாக இருந்தது. அங்கே விரித்து, சிப்பி பொம்மையை நடுவில் வைத்து, கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் போன் வந்தது. நான் பயந்துகொண்டே எடுத்தேன்.

"எய்யா, இப்பத்தான் தொட்டுப் பாத்தேன். பானைத் தண்ணி கணக்கா குளுந்து கெடக்கு."